வாசகர் கேள்வி: இடுப்பு மூட்டு மாற்றிய வீட்டில் முதல் மூன்று மாதம்

போன மாத இதழில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றி எழுதியபோது, "வீட்டுக்கு வந்த பிறகு மூட்டு நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. ஆகவே இந்த மாதம் முழுக்க அதற்கே.

நான் அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு 22 வருஷமாக வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுக்கிறவள். ஆபரேஷன் தியேட்டருக்குள் நடப்பதைவிட, நோயாளி வீட்டு நடைப்படி ஏறிய பிறகு நடப்பதுதான் எனக்கு அத்துப்படி. மூட்டு நழுவி மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் நான் பார்த்த பாதிப்பேருக்கு மேல் எங்கேயும் விழவில்லை. தாழ உட்கார்ந்தார்கள், குனிந்தார்கள், சட்டென்று திரும்பினார்கள். அவ்வளவுதான்.

கேள்வி: அக்கா, என் அம்மாவுக்கு 68 வயது. அம்பாசமுத்திரத்தில் தம்பி வீட்டில் இருக்கிறார். வழுக்கி விழுந்து, இடுப்பு மூட்டை மாற்றி மூன்று வாரம் ஆகிறது. வலி சுத்தமாக இல்லையாம். காலைக் குறுக்கே போடக் கூடாது, குனியக் கூடாது, தாழ உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினால், "வலிதான் போயிட்டுல்லா, இன்னும் என்னத்துக்கு?" என்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?
— வாசகி, சென்னை

பதில்: அம்மா காலத்து ஆட்கள் எல்லாருக்கும் ஆட்டுரல் தெரியும். அதை வைத்துச் சொல்லுங்கள், நானும் அப்படித்தான் சொல்கிறேன். உரல் குழிக்குள் குழவி உட்கார்ந்திருக்கிறது. நேராகப் பிடித்துச் சுற்றுகிறவரை அது குழியை விட்டு வராது. ஒரு பக்கமாக ரொம்பச் சாய்த்தால் குழவியின் கழுத்து உரல் விளிம்பில் முட்டும். முட்டின பிறகும் சாய்த்தால், அடிப்பாகம் எதிர்ப்பக்கமாக நெம்பிக்கொண்டு மேலே வந்துவிடும். புது மூட்டு நழுவுவதும் இதே மாதிரிதான். இடுப்பெலும்பில் பதித்த கிண்ணம் உரல். தொடை எலும்புக்குள் இறக்கிய தண்டின் தலையில் இருக்கிற பந்து குழவி. அம்மா தாழ உட்கார்ந்து குனியும்போது தண்டின் கழுத்து கிண்ணத்தின் முன்விளிம்பில் முட்டி, பந்து பின்பக்கமாக வெளியே வரும்.

பிறவியில் இருந்த பந்து இவ்வளவு சுலபமாக வராதே என்று கேட்பார். அது பெரிய பந்து, 45 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். மாற்றி வைக்கிற பந்து பெரும்பாலும் 28, 32 அல்லது 36 மில்லிமீட்டர். (இந்த சிகிச்சைக்குப் பாதை போட்ட ஜான் சார்ன்லி 1962-ல் இங்கிலாந்தில் பிளாஸ்டிக் கிண்ணத்தோடு வைத்த பந்து சுமார் 22 மில்லிமீட்டர்தான்.) சின்னப் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வர அதிக தூரம் போக வேண்டியதில்லை. அம்மாவுக்கு எலும்பு முறிந்து மாற்றியிருப்பதால், கிண்ணத்தைத் தொடாமல் பந்தை மட்டும் மாற்றுகிற பாதி மாற்று சிகிச்சையாகவும் இருக்கலாம். அதில் பந்து இயற்கை அளவுக்கே இருக்கும், பிடிப்பு கொஞ்சம் கூடுதல். டிஸ்சார்ஜ் சீட்டில் எது என்று எழுதியிருக்கும், தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் கட்டுப்பாடு உண்டு. தேய்மானத்துக்காக மாற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு மூட்டு நழுவுகிறது. எலும்பு முறிந்து முழு மூட்டையும் மாற்றியவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

வலி விஷயத்துக்கு வருகிறேன். வலி கொடுத்துக்கொண்டிருந்த முறிந்த எலும்பை எடுத்தாயிற்று, அதனால் வலி சீக்கிரம் போகிறது. ஆனால் மூட்டைச் சுற்றி ஒரு சவ்வுப் பை இருக்கிறது, அதன் பின்னால் சின்னச் சின்னத் தசைகள் இருக்கின்றன. பின்பக்கம் வழியாக ஆபரேஷன் செய்தால் அவற்றை வெட்டித் திறந்துதான் உள்ளே போகிறார்கள், வெளியே வரும்போது தைத்துவிடுகிறார்கள். அந்தத் தையல் இறுகி, தசை பழையபடி பிடிக்க ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் ஆகும். அதுவரை பந்துக்குப் பின்னால் காவலுக்கு ஆள் குறைவு. வலி இருந்தால் மனிதன் தானாகவே ஜாக்கிரதையாக இருப்பான். வலி போய், தையல் இன்னும் இறுகாத உங்கள் அம்மா மாதிரி மூன்றாவது வாரத்து ஆட்களைத்தான் நான் அடிக்கடி போய் எட்டிப் பார்ப்பேன்.

தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற கோணம் 90 டிகிரிக்குக் கீழே மடங்கக் கூடாது. ஆபரேஷன் செய்த கால் நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகக் கூடாது. அந்தக் கால் கட்டைவிரல் உள்பக்கமாகத் திரும்பக் கூடாது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் சேர்வதுதான் மோசம். நாற்காலியில் உட்கார்ந்தபடி, கால்விரல் மெட்டியைச் சரிசெய்யக் குனிவதை நினைத்துப் பாருங்கள், மூன்றும் ஒரு நொடியில் சேர்ந்துவிடும்.

ஒரு விஷயம். முன்பக்கம் வழியாக ஆபரேஷன் செய்திருந்தால் கட்டுப்பாடுகள் மாறும். அங்கே காலைப் பின்னால் நீட்டி வைப்பதும், பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்புவதும்தான் ஆகாது. இப்போது சில டாக்டர்கள் கட்டுப்பாடுகளை நிறையவே தளர்த்தியும் விடுகிறார்கள். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு வேறு மாதிரி சொன்னார்கள் என்று குழம்ப வேண்டாம். அம்மாவுக்கு ஆபரேஷன் செய்தவர் சொன்னதுதான் அம்மாவுக்கு.

கேள்வி: எங்கள் வீட்டில் கட்டில், நாற்காலி எல்லாமே தாழ்வு. கழிப்பறை கொல்லையில், உட்கார்ந்து எழும்புகிற இந்தியன் டாய்லெட். அடுத்த வாரம் அப்பா டிஸ்சார்ஜ். வீட்டை இடித்துக் கட்டவா முடியும்? ஆற்றில்தான் குளிப்பேன் என்று வேறு சொல்லிக்கொண்டிருக்கிறார்.
— வாசகர், வீரவநல்லூர்

பதில்: டிஸ்சார்ஜுக்கு முன்னால் கேட்டீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. அப்பாவை அழைத்துவந்து தாழ்ந்த சோபாவில் உட்காரவைத்துவிட்டு எனக்குப் போன் போடுகிறவர்கள்தான் அதிகம்.

இன்றைக்கே ஒரு டேப் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்பா உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதைவிட இரண்டு அங்குலமாவது உயரமாக எல்லா இருக்கையும் இருக்க வேண்டும். உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிட மேலே இருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள், அதுதான் கணக்கு. ஆள் உட்கார்ந்து அமுங்கின பிறகு இருக்கிற உயரத்தைத்தான் அளக்க வேண்டும். இலவம்பஞ்சுத் தலையணை நாலு அங்குலம் இருக்கும், ஆள் உட்கார்ந்ததும் ஒன்றரை அங்குலம்தான் மிஞ்சும். அதனால் தலையணை போடாதீர்கள். கெட்டியான ஃபோம் வெட்டி வாங்கி, துணி உறை தைத்துப் போடுங்கள்.

நாற்காலிக்குக் கைப்பிடி கட்டாயம் வேண்டும். வீட்டில் பிளாஸ்டிக் சேர்தான் இருக்கிறது என்றால் ஒரே மாதிரி இரண்டை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிவிடுங்கள். உயரமும் ஏறும், காலும் வளையாது. டைல்ஸ் தரையில் வழுக்கும் என்பதால் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கட்டிலுக்கு ஆசாரியிடம் சொல்லி நான்கு மரக்கட்டைகள் செய்துவாங்குங்கள். மேலே கட்டில் கால் உட்காருகிற அளவுக்கு ஒரு அங்குல ஆழத்தில் குழி வெட்டச் சொல்ல வேண்டும். செங்கலை அடுக்கிக் கட்டிலை நிறுத்துகிறார்கள், ராத்திரி புரண்டு படுக்கும்போது கட்டில் சரிந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். நார்க்கட்டில் எவ்வளவு உயரமாக இருந்தாலும் ஆகாது, நடுவில் பள்ளம் விழுந்து இடுப்பு உள்ளே போய்விடும். சாய்வு நாற்காலி, ஊஞ்சல், திண்ணை மூன்றையும் மூன்று மாதத்துக்கு மறந்துவிடச் சொல்லுங்கள்.

எழும்புவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து வர வேண்டும். ஆபரேஷன் காலை முன்னால் நீட்ட வேண்டும். இரண்டு கையாலும் கைப்பிடியை அமுக்கி, நல்ல காலில் எடையைப் போட்டு, நெஞ்சை முன்னால் கவிழ்க்காமல் மேலே வர வேண்டும். நம்முடைய பழக்கம் நேர் எதிர். மூக்கு முழங்காலைத் தொடுகிற மாதிரி முன்னால் சாய்ந்துதான் எழும்புவோம். ஆஸ்பத்திரியிலேயே பத்துத் தடவை பழக்கிவிட்டு அழைத்துவாருங்கள். திரும்பும்போது ஆபரேஷன் காலைத் தரையில் ஊன்றிவைத்துக்கொண்டு உடம்பை மட்டும் முறுக்கக் கூடாது. வாக்கரை நகர்த்தி, சின்னச் சின்ன அடியாக வைத்துச் சுற்றி வர வேண்டும்.

கழிப்பறைக்கு கமோடு சேர் ஒன்று வாங்குங்கள், வாடகைக்கும் கிடைக்கிறது. இந்தியன் டாய்லெட்டுக்கு மேலேயே நிறுத்தலாம், ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் வாளியோடும் வைத்துக்கொள்ளலாம். உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி துளை போட்ட கால் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாங்கி வந்ததும் அப்படியே நிறுத்திவிடாதீர்கள், கடையில் எல்லாவற்றையும் ஆகத் தாழ்ந்த துளையில்தான் மாட்டி வைத்திருப்பார்கள். தண்ணீர் வாளியும் கப்பும் தரையில் இருந்தால் அதற்காகக் குனிவார், ஒரு ஸ்டூலின் மேல் வையுங்கள். கொல்லைக்குப் போகிற வழியில் படி இருந்தால், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்.

ஆற்றுக்குளியல் எங்கள் ஊர் ஆட்களுக்கு உயிர், எனக்குத் தெரியும். தாமிரபரணியில் முங்கி எழுந்தால்தான் குளித்த மாதிரி என்று சொல்கிற வீட்டில் பிறந்தவள்தான் நானும். ஆனால் படித்துறையில் பாசி, தண்ணீருக்குள்ளே எந்தப் படி எங்கே முடிகிறது என்று தெரியாது, கால் கூழாங்கல்லில் உருளும், இழுப்பு வேறு. தையல் ஆறாத புண்ணில் ஆற்றுத்தண்ணீர் படவே கூடாது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். எப்போது ஆற்றுக்குப் போகலாம் என்பதை மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டர் சொல்லட்டும்.

கேள்வி: எனக்கு 47 வயது. இடுப்பு எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்றுபோய் மூட்டை மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. பீடி சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறேன். காலை நீட்டி உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துச் சுற்றினால்தான் எனக்குக் கை ஓடும். எப்போது தரையில் உட்காரலாம்?
— வாசகி, முக்கூடல் பக்கம்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உட்கார முடியாது என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடித்தால் அடுத்த வாரக் கூலிக்கு என்ன செய்வீர்கள்? அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காலை நீட்டி உட்கார்ந்திருப்பதைவிட, தரைக்கு இறங்குவதும் தரையிலிருந்து எழும்புவதும்தான் பெரிய ஆபத்து. அந்த நேரத்தில் இடுப்பு முழுக்க மடங்கும், கால் உள்ளே திரும்பும், எடை மொத்தமும் அதன்மேல் வரும். உட்கார்ந்த பிறகும் நீங்கள் சும்மா இருப்பதில்லை. பீடி சுற்றுகிறவர்களை சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். இலைக்கட்டு வலது பக்கம், நூல்கண்டு இடது பக்கம், கத்தரி எங்கேயோ முழங்காலுக்குக் கீழே. தூள் சிந்தாமல் இருக்கத் தட்டின்மேல் கவிழ்ந்துதான் சுற்றுவீர்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை முன்னால் சாய்கிறீர்கள், எத்தனை தடவை பக்கவாட்டில் எட்டுகிறீர்கள் என்று நாளைக்கு வேறு யாரையாவது உட்காரவைத்து எண்ணிப் பாருங்கள்.

இப்போதைக்கு உயரமான, கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்காருங்கள். தட்டு மடியில் வேண்டாம். முழங்கை மடங்கினால் கை எங்கே வருகிறதோ அந்த உயரத்தில் ஒரு மேசை போட்டு அதன்மேல் தட்டை வையுங்கள். ஸ்கூல் பையன் எழுதுகிற மேசை சரியாக இருக்கும். இலை, தூள், நூல், கத்தரி நான்கும் கையை நீட்டாமல் எடுக்கிற தூரத்தில் மேசைமேலேயே இருக்கட்டும். கத்தரியை ஒரு கயிற்றில் கட்டி மேசைக்காலில் முடிந்துவிடுங்கள். கீழே விழுந்த கத்தரியை எடுக்கத்தான் முதலில் குனிவீர்கள். இரண்டு காலையும் ஒரு சாண் அகற்றி, பாதம் நேராக இருக்கும்படி வையுங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நாலு நடை நடந்துவிட்டு உட்காருங்கள்.

முதல் வாரம் கை ஓடாதுதான். ஆயிரம் சுற்றின கை அறுநூறில் நிற்கும். என்னிடம் வந்த ஆலங்குளம் பக்கத்து அம்மா ஒருவர் இப்படித்தான் அழுதார். ஒன்றரை மாதம் கழித்து, மேசையில் சுற்றினால் கழுத்துவலி இல்லை என்று அவரே சொன்னார்.

தரையில் உட்காருவதற்கு மூன்று மாத எக்ஸ்ரேவுக்குப் பிறகு உங்கள் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். "தரையில் உட்கார்ந்து பீடி சுற்றுவேன், ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்" என்று விளக்கமாகச் சொல்லிக் கேட்க வேண்டும். வெறுமனே "உட்காரலாமா டாக்டர்?" என்றால் அவர் நாற்காலியை நினைத்துக்கொண்டு தலையாட்டிவிடுவார். குத்துக்காலிட்டு உட்காருவதையும் சம்மணம் போடுவதையும் ஆயுசுக்கும் தவிர்க்கச் சொல்கிற டாக்டர்கள் நிறையப் பேர். உங்களுக்கு 47 வயதுதான், இந்த மூட்டு ரொம்ப வருஷம் உழைக்க வேண்டும். அதனால் டாக்டர் சரி என்றாலும் மேசையை விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

கேள்வி: வாப்பாவுக்கு 70 வயது. மூட்டு மாற்றி 25 நாள். ஐந்து வேளையும் தொழுகிறவர். எப்படித் தொழுவது?
— வாசகர், மேலப்பாளையம்

பதில்: நாற்காலியில் உட்கார்ந்து தொழட்டும். முடியாதவர்கள் உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது, உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டால் முறையைச் சொல்வார். நான் உடம்பின் கணக்கை மட்டும் சொல்கிறேன். நெற்றி தரையில் பட வணங்குகிற சுஜூதில் இடுப்பு முழுக்க மடங்கிவிடும். காலை மடக்கி உட்காருகிற இருப்பில் மடிப்பும் முறுக்கலும் சேர்ந்து வரும். இரண்டுமே இப்போது ஆகாது. நாற்காலியில் இருந்தபடி, குனிந்து வணங்குகிற ருகூஉக்கும் சுஜூதுக்கும் தலையை மட்டும் தாழ்த்தினால் போதும், முதுகை முன்னால் கவிழ்க்க வேண்டாம்.

எனக்குப் பெரிய கவலை, தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுகிற ஒளுவில்தான். கால் கழுவ ஒரு காலை வாஷ்பேசின்மேல் தூக்கி வைப்பார்கள், இல்லையென்றால் தாழ்ந்த திட்டில் உட்கார்ந்து குனிவார்கள். மூன்று மாதத்துக்கு வாப்பா உயரமான நாற்காலியில் உட்காரட்டும், நீங்களோ பேரனோ பாதத்தில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிடுங்கள். ஈரம் துடைத்த பிறகுதான் அவர் எழும்ப வேண்டும்.

கேள்வி: செக்கப்புக்குப் பாளையங்கோட்டை வர வேண்டும். பஸ்ஸா, ஆட்டோவா, காரா?
— வாசகி, களக்காடு

பதில்: கார். பஸ் படி உயரம், நம்ம ரோட்டில் ஆட்டோ குலுக்கல், காலை நீட்ட இடமும் கிடையாது. பைக் பேச்சே வேண்டாம். முன்சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி, சாய்மானத்தைச் சாய்த்துவிடுங்கள். சீட் தாழ்வாக இருந்தால் கெட்டியான குஷன் போடுங்கள். அதன்மேல் ஒரு பெரிய பாலித்தீன் கவரை விரியுங்கள். காருக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் பின்பக்கம் உட்கார வேண்டும். அப்புறம் சாய்ந்த வாக்கிலேயே உடம்பையும் காலையும் ஒன்றாகத் திருப்பினால் பாலித்தீனில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். திரும்பினதும் கவரை உருவிவிடுங்கள், பிரேக் போட்டால் முன்னால் சறுக்கும். வழியில் நாங்குநேரியில் நிறுத்தி ஐந்து நிமிஷம் நடக்கட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு நாற்பதாவது நாள் மூட்டு நழுவி, ஆஸ்பத்திரியில் மறுபடி உள்ளே தள்ளிவிட்டார்கள். இன்னொரு தடவை நழுவினால் எப்படித் தெரியும்? எங்கள் தெருவில், "எலும்பு கட்டுகிறவரைக் கூப்பிட்டால் ஒரே இழுப்பில் சரியாகிவிடும்" என்கிறார்கள்.
— வாசகர், சேரன்மகாதேவி

பதில்: என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து 23-வது நாள். நெல்லையப்பர் கோயில் ஆனித்தேர் அன்றைக்கு. ஊரிலிருந்து சித்தி வந்திருந்தார், தேர் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவரை வழியனுப்ப அம்மா வாசல்வரை போக நினைத்திருக்கிறார். வீட்டில் எல்லாமே உயரம்தான், நாற்காலி, கட்டில், கமோடு எல்லாம் நானே அளந்து போட்டது. செருப்பை மட்டும் விட்டுவிட்டேன். பின்பட்டை வைத்த செருப்பு, நாற்காலிக்குக் கீழேயே கிடந்தது. அம்மா உட்கார்ந்தபடி பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, குனிந்து அந்தப் பட்டையை இழுத்து மாட்டியிருக்கிறார். 'டொக்' என்று ஒரு சத்தம் சித்திக்கே கேட்டிருக்கிறது.

நான் மகாராஜநகரில் இன்னொரு வீட்டில் இருந்தேன். போன் வந்து ஓடிவந்து பார்த்தால், அம்மா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார். ஆபரேஷன் கால் மற்றதைவிட ஒரு அங்குலத்துக்கு மேல் குட்டையாகத் தெரிந்தது. முழங்கால் உள்ளே திரும்பி, கட்டைவிரல் அடுத்த பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி நல்ல மனசோடு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார், காலை இழுத்துவிட. "தொடாதீங்க அண்ணாச்சி" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அன்று ராத்திரி மயக்கம் கொடுத்து, எக்ஸ்ரே வைத்துப் பார்த்து, டாக்டர்கள் பந்தை உள்ளே தள்ளினார்கள். அத்தனை வீட்டுக்கும் அளவெடுத்துக் கொடுக்கிற நான் என் வீட்டுச் செருப்பைப் பார்க்காமல் விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

உங்களுக்குத் தெரிய வேண்டிய அடையாளங்கள் இவைதான். திடீரென்று தாங்க முடியாத வலி, சில பேருக்கு ஒரு சத்தம், கால் குட்டையாகிப் பாதம் திரும்பிக்கொள்வது, அந்தக் காலில் துளிகூட நிற்க முடியாமல் போவது. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை காலை இருக்கிற நிலையிலேயே விட்டு, அடியில் தலையணை முட்டுக்கொடுங்கள். நேராக்கப் பார்க்க வேண்டாம். காப்பித்தண்ணிகூடக் கொடுக்காதீர்கள், மயக்கம் கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். பாதத்தை மேலே தூக்க முடிகிறதா, மரத்துப்போயிருக்கிறதா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். மூட்டுக்குப் பின்னாலேயே காலுக்குப் போகிற பெரிய நரம்பு ஓடுகிறது. எலும்பு கட்டுகிறவர் இழுக்கிற இழுப்பில் அந்த நரம்பு நசுங்கலாம், தண்டைச் சுற்றி எலும்பே உடையலாம். எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் கூப்பிடாதீர்கள்.

ஒரு தடவை நழுவியது மறுபடி நழுவ வாய்ப்பு அதிகம். சவ்வுப் பை மறுபடியும் கிழிந்திருக்கும். ஆகவே இன்றிலிருந்து முதல் நாள் என்று வைத்து மூன்று மாதக் கணக்கை மறுபடி தொடங்குங்கள். இரண்டு மூன்று தடவை நழுவினால் கிண்ணம் உட்கார்ந்திருக்கிற கோணத்தை டாக்டர் பார்ப்பார், மாற்றி வைக்கவும் வேண்டியிருக்கலாம். அப்பாவுக்கு முதுகுத்தண்டில் ஸ்க்ரூ போட்ட ஆபரேஷன் ஏதாவது முன்பே நடந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். உட்காரும்போது முதுகும் இடுப்பும் சேர்ந்து வளைய வேண்டும். முதுகு வளையாவிட்டால் மொத்தமும் மூட்டின்மேல் விழும். சாயங்காலம் குடிக்கிற பழக்கம் இருந்தால் அதை அடியோடு நிறுத்த வேண்டும். போதையில் எந்தக் கட்டுப்பாடும் ஞாபகம் இருக்காது.

கேள்வி: எனக்கு 74, என் மனைவிக்கு 70. பிள்ளைகள் வெளிநாட்டில். அவளுக்குக் கை நடுங்குகிற பார்க்கின்சன் நோயும் உண்டு. மூட்டு மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. சொன்னது அடுத்த நிமிஷம் மறந்துபோகிறது. தூக்கத்தில் காலைப் பின்னிக்கொள்கிறாள். நான் தூங்குவதே இல்லை.
— வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: ஐயா, முதலில் நீங்கள் தூங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த முக்கோணத் தலையணை இருந்தால் அதை அம்மாவின் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து, அதன் பட்டையைக் காலோடு இறுக்காமல் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் தொடையிலிருந்து கணுக்கால் வரை நீளம் வருகிற மாதிரி இரண்டு கெட்டித் தலையணையைச் சேர்த்துத் தைத்து வையுங்கள். முழங்காலுக்கு நடுவில் மட்டும் சின்னத் தலையணை வைத்தால் பாதம் தொங்கி உள்ளே திரும்பும். மல்லாந்து படுக்கட்டும். போர்வை கால்மாட்டுக்குப் போய்விட்டால் அதை எட்டி எடுக்கத்தான் ராத்திரியில் எழுந்து குனிவார்கள், போர்வையின் ஒரு நுனியைத் தலைமாட்டுச் சட்டத்தில் முடிந்துவிடுங்கள்.

பார்க்கின்சன் இருக்கிறவர்களுக்கு மூட்டு நழுவுகிற ஆபத்தும் விழுகிற ஆபத்தும் அதிகம். மாத்திரை நேரம் தவறினால் உடம்பு இறுகி, திரும்பும்போது கால் பின்னும். அந்த மாத்திரைக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். மறக்கிற ஆளிடம் ஐந்து கட்டளை சொல்லிப் பயனில்லை. "கால் அகலம்" என்று ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உட்காரும்போது, எழும்பும்போது, திரும்பும்போது அதையே சொல்லுங்கள். மீதியை வீடு பார்த்துக்கொள்ளும்படி செய்துவிட வேண்டும். அவர் கண்ணில் படுகிற இடத்தில் இடுப்புக்குக் கீழே எந்தப் பொருளும் வேண்டாம். தண்ணீர்ச் செம்பு, ரிமோட், விபூதிக் கிண்ணம் எல்லாம் மேசை உயரத்துக்கு ஏறட்டும். தாழ்ந்த முக்காலியை, மணைப்பலகையை அறையை விட்டே எடுத்துவிடுங்கள். வாசலில் விரித்திருக்கிற மிதியடியையும், ஹாலில் பத்தமடைப் பாய் விரித்திருந்தால் அதையும் சுருட்டி மூலையில் சாத்துங்கள். வாக்கர் கால் அதில்தான் மாட்டும்.

தனியாக எல்லாவற்றையும் தாங்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிந்துவையுங்கள். தொடையைப் பக்கவாட்டில் தூக்குகிற தசையை அவர்கள் பழக்கிப் பலப்படுத்துவார்கள், அந்தத் தசைதான் பந்தைக் கிண்ணத்துக்குள் அமுக்கிப் பிடிக்கிறது. அவர்கள் வரும்வரை பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும், பிட்டத்தை இறுக்கி ஐந்து எண்ணி விடுவதும் போதும், மணிக்குப் பத்துத் தடவை.

உங்கள் கடிதத்தில் கட்டில் "சாதாரண உயரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா உட்கார்ந்திருக்கும்போது முழங்கால் மடிப்பு தரையிலிருந்து எத்தனை அங்குலம், மெத்தை அமுங்கின பிறகு கட்டில் எத்தனை அங்குலம், கமோடு சேர் எத்தனை அங்குலம், இந்த மூன்றையும் ஒரு கார்டில் எழுதிப் பத்திரிகை முகவரிக்கு உடனே அனுப்புங்கள். அடுத்த இதழ் வரை காத்திருக்க வேண்டாம், பார்த்ததும் நானே பதில் எழுதுகிறேன்.